மாவு பாக்கெட்டில் மதம் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். தீபாவளி வருகிறது, பெங்களூருத் தமிழர்கள் இந்த முறை "நம்ம ஆட்கள்" நடத்துகிற கம்பெனிகளின் பொருட்களை மட்டும்தான் வாங்க வேண்டும், ஹலால் முத்திரை (இஸ்லாமிய விதிப்படி அனுமதிக்கப்பட்டது என்ற சான்று) போட்ட எதையும் வீட்டுக்குள் விடக் கூடாது என்று அந்த வாசகர் கேட்டுக்கொண்டிருந்தார். அதே நாட்களில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு பட்டியல் வந்தது. வாங்க வேண்டிய பெயர்கள் ஒரு பக்கம், ஒதுக்க வேண்டிய பெயர்கள் ஒரு பக்கம். அதைத் தயாரித்தது யார் என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை, கீழே கைகூப்பும் குறிகள் மட்டும் வரிசையாக விழுந்தன.

நான் பீன்யா தொழிற்பேட்டையில் மசாலாப் பொடியும் ரெடிமிக்ஸும் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையில் பல வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன அச்சாக வேண்டும், எந்த முத்திரை எதற்காக வருகிறது என்பதெல்லாம் என் அன்றாட வேலை. அதனால் சொல்கிறேன். வாயில் போடுகிற பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பக்திக்காகக் கேட்டாலும் சரி, உடம்புக்காகக் கேட்டாலும் சரி, கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதைச் செய்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது அந்த உரிமையில் சேராது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் அந்தக் கடிதமும் எழுதப்பட்டிருக்கிறது, பட்டியலும் தயாராகியிருக்கிறது.

நம் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் இதே பெங்களூரில் ஒரு சின்ன அறையில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடத் தொடங்கியவர்கள் வயநாட்டுக்காரரான பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரச் சகோதரர்களும். அதுதான் ஐடி ஃபிரெஷ். இன்று வளைகுடா வரை அவர்கள் சரக்கு போகிறது. 2021-ல் திடீரென்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பியது. அந்த மாவில் மாட்டெலும்பும் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாறும் கலக்கிறார்கள், முஸ்லிம்களை மட்டும்தான் வேலைக்கு வைக்கிறார்கள் என்று. சைவப் பொருட்களைத் தவிர எதுவும் சேர்ப்பதில்லை என்று நிறுவனம் மறுத்தது, புகாரும் கொடுத்தது. அதற்குள் செய்தி ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

வீட்டில் மாவு அரைத்த யாராவது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். இட்லி மாவு புளிக்க வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டியதில்லை. அரிசியிலும் உளுந்திலும் இருக்கிற நுண்ணுயிர்களே புளிக்க வைத்துவிடும், மார்கழிக் குளிரில் கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். கன்றின் இரைப்பைச் சாறு என்பது பாலைத் திரித்துச் சீஸ் செய்யப் பயன்படுவது, மாவில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அந்தக் கேள்வியை உண்மையிலேயே கேட்க வேண்டிய இடம் வெளிநாட்டிலிருந்து வருகிற பார்மேசான் மாதிரிச் சீஸ் வகைகள், பாரம்பரிய முறைப்படி அதில் அது சேர்கிறது. பிள்ளைகளோடு பாஸ்தா சாப்பிடப் போகிற சைவக் குடும்பங்கள் எத்தனை பேர் அங்கே அதைக் கேட்கிறோம்?

அல்சூரில் எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் அந்தச் சமயத்தில் நானே பார்த்தேன். ஒரு அம்மா ஃபிரிட்ஜிலிருந்து மாவு பாக்கெட்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே விரல் இருந்தது. "இது அவங்களோடதாமே அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். உள்ளே இருப்பது அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர் என்று எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை. அண்ணாச்சிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாவு நாலைந்து நாளைக்கு மேல் தாங்காது, விற்காத பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் காலையில் டெம்போவில் கொண்டுவந்து போடும் பையனுக்குத்தான் அன்றைய கணக்கில் இடிக்கும் என்று சொல்லி வருத்தப்பட்டார். அந்தப் பையன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன், மதம் என்ன என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

இதற்கு நேர் மாறான ஒரு வழக்கும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் 1990-ல் மாட்டுக்கொழுப்பை விட்டுவிட்டுத் தாவர எண்ணெயில்தான் உருளைக்கிழங்கு வறுக்கிறோம் என்று அறிவித்தது. அதை நம்பி அங்கிருந்த இந்துக்களும் மற்ற சைவர்களும் வருடக்கணக்கில் சாப்பிட்டார்கள். சுவைக்காக அதில் மாட்டிறைச்சிச் சாறு சேர்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 2001-ல் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, இந்து மற்றும் சைவ அமைப்புகளுக்கும் பிறருக்குமாக 1 கோடி டாலர் கொடுக்க 2002-ல் ஒப்புக்கொண்டது. அந்த வழக்குப் போட்டவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஏமாற்றப்பட்டார்கள், ஆதாரத்தோடு கேட்டார்கள், ஜெயித்தார்கள். அதே 2001-ல் மும்பைக்குப் பக்கத்தில் தானேயில் அந்த நிறுவனத்தின் கடை ஒன்றை அடித்து நொறுக்கினார்கள். இந்தியாவில் விற்கிற வறுவலில் அந்தச் சாறு இல்லை என்று நிறுவனம் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஒரே விஷயத்தில் இரண்டு விதமான கோபம். அமெரிக்காவில் பொருளைக் கேள்வி கேட்டார்கள், தானேயில் பெயர்ப்பலகையை உடைத்தார்கள்.

இப்போது ஹலால் முத்திரைக்கு வருகிறேன், வாசகருடைய கடிதத்தில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். எங்கள் தொழிற்சாலையிலிருந்து துபாய்க்கும் மலேசியாவுக்கும் சரக்கு போகும். அங்கே வாங்குகிறவர்கள் ஹலால் சான்று கேட்பார்கள், அதற்காக ஆடிட்டர் வருவார். பாக்கெட்டில் இருப்பது மிளகாய், மல்லி, மஞ்சள், இதில் ஹலால் என்ன ஹராம் என்ன என்று ஆரம்பத்தில் எங்களுக்கும் புரியாது. அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்தால்தான் புரியும். எஸ்சென்ஸைக் கரைக்க ஆல்கஹால் சேர்த்திருக்கிறார்களா? மெஷினுக்குப் போடுகிற கிரீஸ் எதிலிருந்து எடுத்தது? பொடி கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிற பொருளின் கொழுப்பு தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா? சப்ளையர் கடிதம் எங்கே? கடைசியில் தட்டிலிருந்து பொடியைத் தள்ளுகிற பிரஷ்ஷைக் கையில் எடுத்து அதன் முடி நைலானா, பன்றி முடியா என்று பார்ப்பார். எங்கள் வீட்டில் சுத்த சைவம். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு வேண்டாததாகத் தோன்றவில்லை, ஒரு சைவக்காரி கேட்க வேண்டிய கேள்விகளையே அவர் கேட்டார்.

அமெரிக்காவுக்குப் போகிற சரக்குக்கு யூதர்களின் உணவு விதிப்படியான கோஷர் சான்று வேண்டும் என்றார்கள், அதற்கு வந்த ரப்பியும் (யூத மதகுரு) முக்கால்வாசி இதையேதான் கேட்டார். மும்பையிலிருந்து ஒரு ஜெயின் மொத்த வியாபாரி வந்தார், வெங்காயம் பூண்டு அரைத்த மெஷினில் எங்கள் பொடியை அரைப்பீர்களா, நடுவில் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று பேருக்கும் நாங்கள் எடுத்துக் காட்டியது ஒரே ஃபைல். ஆடி அமாவாசைக்கு வெங்காயம் பூண்டு சேராத சாம்பார் பொடி கேட்டு நம் மாமிகள் போன் செய்தபோது பதில் சொன்னதும் அதே ஃபைலைப் பார்த்துத்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1935-ல் அட்லாண்டாவில் டோபியாஸ் கெஃபன் என்ற ரப்பி, கொக்கக் கோலாவை எங்கள் மக்கள் குடிக்கலாமா என்று சொல்வதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். உலகத்துக்கே ரகசியமான அந்தச் செய்முறையை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அவருக்குக் காட்டினார்கள். அதில் மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் கொஞ்சம் இருந்தது. அவர் சொன்ன பிறகு கம்பெனி தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாறியது. ஒரு சின்ன சமூகம் தன் நம்பிக்கைக்காகக் கேட்ட கேள்வியால் அந்தப் பானத்திலிருந்து மாட்டுக்கொழுப்பே போனது. அதனால் நன்மை அடைந்தவர்களில் நம் ஊர்ச் சைவக்காரர்களும் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

முத்திரையைப் பார்த்ததும் பொருளே மாறிவிட்டது போல அலறுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் டோப்ளரோன் சாக்லேட்டுக்கு 2018-ல் ஹலால் சான்று வாங்கினார்கள், செய்முறையில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனாலும் ஜெர்மனியில் ஒரு வலதுசாரிக் கட்சித் தலைவர் ஐரோப்பாவே இஸ்லாமியமயமாகிறது என்று குறைப்பட்டார். இங்கே 2023-ல் வந்தே பாரத் ரயிலில் ஒரு பயணி, டீத்தூள் பாக்கெட்டில் ஹலால் என்று போட்டிருக்கிறது, விரத மாதத்தில் இதைக் கொடுக்கலாமா என்று சண்டை போட்டார். டீ எப்படியும் சைவம்தானே என்று ஊழியர் பொறுமையாக விளக்க வேண்டி வந்தது. அதே வருடம் மத்திய வர்த்தக அமைச்சகமே ஏற்றுமதியாகும் இறைச்சிக்கு ஹலால் சான்று எப்படி வழங்க வேண்டும் என்று விதிமுறை கொண்டுவந்தது. நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருட்களின் விற்பனைக்குத் தடை போட்டது, ஆனால் ஏற்றுமதிக்கு விலக்கு. வெளிநாட்டில் இருக்கிறவருக்கு விற்றால் நியாயம், பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றால் குற்றம் என்பது எனக்கு எந்த வகையிலும் பொருந்தி வரவில்லை. சான்றுக் கட்டணம் எங்கே போகிறது என்று வாசகர் கேட்கிறார். கேட்கட்டும், சான்று தருகிற எல்லா அமைப்புகளும் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

"நம்ம ஆட்கள்" கம்பெனி என்கிறாரே, அது எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. லால்பாக் பக்கத்தில் எம்.டி.ஆர். ஓட்டலைத் தெரியாத பெங்களூர்க்காரர் கிடையாது. 1924-ல் மையா குடும்பம் தொடங்கியது, யுத்த காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி செய்து காட்டியவர்கள். ஓட்டல் குடும்பத்திடமே இருக்கிறது, ஆனால் நாம் வாங்குகிற எம்.டி.ஆர். மசாலாப் பாக்கெட், குலாப் ஜாமூன் மிக்ஸ் எல்லாம் 2007-லிருந்து நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்துடையது. இதே ஓர்க்லா 2021-ல் கேரளத்தின் ஈஸ்டர்ன் மசாலாவின் பெரும் பங்கையும் வாங்கியது, எம்.இ. மீரான் என்பவர் 1983-ல் தொடங்கிய நிறுவனம் அது. எங்கள் வாட்ஸ்அப் பட்டியலில் எம்.டி.ஆர். வாங்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறது, ஈஸ்டர்ன் ஒதுக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. இரண்டின் லாபத்திலும் பெரும் பங்கு அதே நார்வே நிறுவனத்துக்குப் போகிறது. சாமி ரூமில் ஏற்றுகிற மங்கள்தீப் ஊதுபத்தி ஐ.டி.சி.யுடையது, சிகரெட்டில் வளர்ந்த கம்பெனி. பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோபுரம் போடலாமா, தாமரை போடலாமா, பிறையும் விளக்கும் போடலாமா என்று முடிவு செய்வது மார்க்கெட்டிங் மீட்டிங்கில். தீபாவளிக்கு ஒரு டிசைன், ரம்ஜானுக்கு ஒரு டிசைன், கிறிஸ்துமசுக்கு ஒரு டிசைன், உள்ளே ஒரே பிஸ்கெட். விற்கிறவர்களுக்கு அது வேலை, நாம் அதை நம் அடையாளமாக எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தோடு சண்டை போட்டால் நஷ்டம் நமக்கு.

2020 அக்டோபரில் தனிஷ்க் நகை விளம்பரத்தை என்ன பாடு படுத்தினார்கள் என்று நினைவிருக்கும். முஸ்லிம் வீட்டு மாமியார், இந்து மருமகளுக்கு அவள் வீட்டு வழக்கப்படி வளைகாப்பு நடத்துகிற காட்சி. அதைப் பொறுக்க முடியாமல் புறக்கணிப்பு என்று கிளம்பி விளம்பரத்தையே எடுக்க வைத்தார்கள். தனிஷ்க் யாருடையது? டைட்டனுடையது. டைட்டன், டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், இன்றும் டிட்கோவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, நகை செய்கிற இடம் நம் பக்கத்து ஓசூர். புறக்கணிக்கச் சொன்னவர்கள் யார் வயிற்றில் அடிக்கச் சொன்னார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நூறு வருடத்துக்கு மேலாக எல்லா மதத்தவரும் குடித்த ரூஹ் அஃப்சா சர்பத்தை 2025-ல் "ஷர்பத் ஜிகாத்" என்று பாபா ராம்தேவ் பேசினார், தன் நிறுவனத்தின் சர்பத்தை விற்பதற்காக. டெல்லி உயர்நீதிமன்றம் அது மனசாட்சியை உலுக்குகிறது என்று கண்டித்த பிறகு அந்த வீடியோக்களை நீக்கச் சம்மதித்தார்கள். போட்டிக் கம்பெனியின் வியாபாரத்தைப் பறிக்க மதம் ஒரு மலிவான ஆயுதம், அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள்.

2022 யுகாதிக்கு மறுநாள், இங்கே ஹொசத்தொடக்கு என்று கறி சமைக்கிற நாள், அப்போது நடந்ததை மறக்க முடியவில்லை. ஹலால் கறி வாங்காதே என்று வீதி வீதியாகப் பிரசாரம். ஒரே வெட்டில் வெட்டுகிற ஜட்கா கறிதான் வேண்டும் என்றால் ஒருவர் தேடி வாங்கலாம், அது அவர் நம்பிக்கை, யாரும் தடுக்க முடியாது. ஆனால் தலைமுறையாகக் கறி வெட்டிக் கொடுத்த சிவாஜிநகர் பாய்களின் கடை வாசலில் நின்று வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது நம்பிக்கை ஆகாது. அதே ஏப்ரலில் பெங்களூர்க் கோயில் திருவிழாவான கரக ஊர்வலம் காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவுக்குப் போகக் கூடாது என்றும் சிலர் சொன்னார்கள். கோயில்காரர்கள் வழக்கத்தை மாற்ற மாட்டோம் என்றார்கள், கரகம் போனது. அந்தப் பெரியவர்களுக்கு இருந்த உறுதி நம் தமிழ் அமைப்புகளுக்கும் வேண்டும்.

பன்னாட்டு கம்பெனிகளை எதிர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1995-ல் பிரிகேட் ரோட்டில் கே.எஃப்.சி. வந்தபோது பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் அமைப்பான ரைத்த சங்கம் போராடியது. அவர்கள் கடைக்குள் புகுந்து உடைத்ததை நான் ஏற்கவில்லை, ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி விவசாயி நிலத்துக்கு என்ன ஆகும், சாப்பிடுகிறவர் உடம்புக்கு என்ன ஆகும் என்பது. அஜினமோட்டோ அளவு பற்றி மாநகராட்சி நடவடிக்கை எடுத்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது. இன்று அந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை. 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், உணவில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் வெறும் எண்ணாகப் போடாமல் அது தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா, ஆய்வகத்திலிருந்தா என்று சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. சிப்ஸிலும் நூடுல்ஸிலும் சுவைக்காகச் சேர்க்கிற 631 என்ற பொருள் மீன், இறைச்சியிலிருந்தும் வரலாம், தாவரத்திலிருந்தும் வரலாம், எண்ணைப் பார்த்து நமக்கு எப்படித் தெரியும்? பக்தியுள்ள ஒரு தமிழ்க் குடும்பம் கவலைப்பட வேண்டியது இதற்கு. இந்த உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று நம் சங்கங்கள் ஒரு மனுவாவது போட்டால் எல்லா மதத்து வீட்டுக்கும் உதவும்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, முதலாளியின் மதத்தைச் சொல்லிப் பொருளை வாங்காதே என்கிற கடிதங்களை வெளியிடும்போது, அதில் சொல்லப்படும் கலப்படக் குற்றச்சாட்டு உண்மையா என்று ஒரு வரி விசாரித்துவிட்டு வெளியிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் சந்தேகப்படுகிறவர்கள்கூட உங்கள் பேப்பரில் அச்சில் வந்தால் நம்பிவிடுகிறார்கள். இரண்டாவது, தீபாவளி மலருக்கு நகை விளம்பரங்களுக்கு நடுவில் அரைப்பக்கம் ஒதுக்கி, பாக்கெட்டின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று போடுங்கள்: பச்சைப் புள்ளி என்றால் என்ன, அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம் வந்திருப்பது, எந்தெந்த எண் எதைக் குறிக்கிறது, புகாரை எங்கே கொடுப்பது. எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு